நேற்று எப்படித் தூங்கினாய்?

பெரிய கால்பந்து கிளப், ரக்பி அணி, ஒலிம்பிக் பயிற்சி மையம், எதுவானாலும் இன்று காலை பெரும்பாலும் ஒரே மாதிரிதான் விடிகிறது. வீரர் கண் விழித்ததும் போனில் ஒரு ஆப் காத்திருக்கிறது. நேற்று எப்படித் தூங்கினாய்? அசதியாக இருக்கிறதா? தசைகளில் வலி உண்டா? டென்ஷன் எப்படி? மனநிலை எப்படி? ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்குள்ளோ ஏழுக்குள்ளோ ஒரு எண் கொடுக்க வேண்டும். அரை நிமிட வேலை. அவர் பல் தேய்த்து முடிப்பதற்குள் அந்த எண்கள் யாரோ ஒருவருடைய திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று விழுந்துவிடும்.

பார்க்க ரொம்பச் சாதாரணம். ஆனால் இந்த ஐந்து கேள்விகளுக்கு வந்து சேர விளையாட்டு உளவியலுக்குக் கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகியிருக்கிறது. நடுவில் பெரிய நம்பிக்கைகள், பெரிய சறுக்கல்கள், ஒன்றிரண்டு அசலான கண்டுபிடிப்புகள். இந்தக் கதையைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. எந்தக் காலத்திலும் கேள்வித்தாளில் என்ன கேட்டார்கள் என்பதைவிட, பதிலை யார் படித்தார்கள் என்பதுதான் பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கிறது.

முதலாளிக்குப் போன அறிக்கை

கதை 1920களில், அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. கோல்மன் கிரிஃபித் என்ற உளவியலாளர் 1925இல் அங்கே விளையாட்டுக்கென்றே ஒரு ஆய்வுக்கூடம் அமைத்தார். எதிர்வினை நேரம், தசை இறுக்கம், கவனம் என்று கருவிகளால் அளக்க முடிந்ததையெல்லாம் அளந்தார். கருவியோடு நிற்கவில்லை, நேரடியாகக் கேட்கவும் செய்தார். 1924இல் மிச்சிகனுக்கு எதிரான ஆட்டத்தின் முதல் 12 நிமிடத்தில் நான்கு டச்டவுன் அடித்த ரெட் கிரேஞ்சிடம் அந்த ஆட்டத்தைப் பற்றி விசாரித்தார். கிரேஞ்சுக்கு விவரம் எதுவுமே ஞாபகத்தில் இல்லை. உச்சத்தில் இருந்தவனிடம் உச்சத்தைப் பற்றிக் கேட்டால் பதில் கிடைக்காது என்பது இந்தத் துறைக்கு ஆரம்பத்திலேயே கிடைத்த எச்சரிக்கை.

ஆய்வுக்கூடம் 1932இல் மூடப்பட்டது. ஆறு வருடம் கழித்து, சூயிங்கம் கம்பெனி முதலாளி ஃபிலிப் ரிக்லி தன்னுடைய சிகாகோ கப்ஸ் பேஸ்பால் அணிக்கு கிரிஃபித்தை வேலைக்கு எடுத்தார். கிரிஃபித் வீரர்களைப் படம் பிடித்தார், குறிப்பெடுத்தார், நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அறிக்கை எழுதினார். அறிக்கைகள் நேராக ரிக்லியிடம் போயின. மேனேஜர் சார்லி கிரிம் ஒத்துழைக்கவில்லை. அந்த சீசன் நடுவிலேயே அவருக்குப் பதிலாக வந்த கேபி ஹார்ட்நெட்டும் அதே ரகம்.

வழக்கமாக இதைப் பழமைவாதிகள் விஞ்ஞானத்தை எதிர்த்த கதையாகச் சொல்வார்கள். நான் அப்படிப் படிக்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து நீங்கள் செய்வதையெல்லாம் எழுதி உங்கள் சம்பளம் போடுகிறவருக்கு அனுப்புகிறார். நீங்களாக இருந்தால் அவரிடம் மனம் விட்டுப் பேசுவீர்களா?

‘பிரச்சினைக்குரிய’ வீரர்கள்

1960களில் ஆளுமைத் தேர்வுகளின் அலை அடித்தது. கலிஃபோர்னியாவின் சான் ஹோசே கல்லூரியைச் சேர்ந்த புரூஸ் ஓகில்வியும் தாமஸ் டட்கோவும் 1966இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். பிரச்சினைக்குரிய விளையாட்டு வீரர்களை எப்படிக் கையாள்வது என்பதுதான் தலைப்பின் அர்த்தம். தலைப்பே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது: படிக்கப்போகிறவர் கோச், பிரச்சினை வீரர்.

அந்தப் பத்தாண்டின் இறுதியில் இவர்கள் கொண்டுவந்த தேர்வில் 190 கேள்விகள். முனைப்பு, தன்னம்பிக்கை, மன உறுதி, கோச்சிடம் நம்பிக்கை என்று 11 குணங்களுக்கு மதிப்பெண். அமெரிக்க அணிகள் ஆர்வமாக வாங்கின. எதிர்ப்பும் கிளம்பியது. இந்த மதிப்பெண்களால் வெற்றியைக் கணிக்க முடியும் என்பதற்கு ஆதாரம் எங்கே என்று சக ஆய்வாளர்கள் கேட்டார்கள். அதோடு, அணியில் இடம் கிடைக்குமா என்று பதறிக்கொண்டிருக்கும் 20 வயதுப் பையனிடம் ‘உன் கோச்சை நம்புகிறாயா?’ என்று கேட்டால் அவன் என்ன பதில் சொல்வான் என்று கண்டுபிடிக்க உளவியல் பட்டமா வேண்டும்?

பனிப்பாறை

இந்த இடத்தில்தான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் வில்லியம் மார்கன் வருகிறார். என் பார்வையில் இந்தக் கதையின் மையப் பாத்திரம் அவர்தான்.

அவர் கையில் எடுத்த கருவி விளையாட்டுக்காகச் செய்யப்பட்டதே இல்லை. மனநலச் சிகிச்சைக்கு வந்து போகும் வெளிநோயாளிகளின் மாற்றத்தைக் கவனிக்க மெக்நேர், லோர், ட்ராப்பிள்மேன் ஆகிய மூவர் 1971இல் வெளியிட்ட மனநிலை அளவுகோல் அது. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘போம்ஸ்’ என்பார்கள். எரிச்சல், களைப்பு, உற்சாகம், குழப்பம் என்ற மாதிரி 65 சொற்கள். கடந்த ஒரு வாரமாக ஒவ்வொன்றையும் எவ்வளவு உணர்ந்தீர்கள் என்று பூஜ்யத்திலிருந்து நான்குக்குள் குறிக்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் ஆறு மதிப்பெண்கள் வரும்: பதற்றம், மனச்சோர்வு, கோபம், சுறுசுறுப்பு, களைப்பு, குழப்பம்.

மார்கன் இதை ஓட்டக்காரர்கள், மல்யுத்த வீரர்கள், துடுப்புப் படகு வீரர்களிடம் கொடுத்துப் பார்த்தார். பொதுமக்களின் சராசரியை நீர்மட்டம் போல ஒரு கோடாக வரைந்தால், சிறந்த வீரர்களின் ஐந்து எதிர்மறை மதிப்பெண்களும் கோட்டுக்குக் கீழே கிடந்தன. சுறுசுறுப்பு மட்டும் தண்ணீருக்கு மேலே கூராக நீட்டிக்கொண்டிருந்தது. அவர் அதற்குப் பனிப்பாறை வடிவம் என்று பெயர் வைத்தார்.

சாம்பியன் என்றால் உள்ளுக்குள் ஏதோ கோணல் இருக்கும், அந்த வெறிதான் அவனை ஜெயிக்க வைக்கிறது என்று நம்பும் ஆட்கள் இன்றைக்கும் உண்டு. மார்கனின் தரவு நேர் எதிராகச் சொன்னது. மனநலமும் ஆட்டத்திறனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும் என்றார் அவர்.

1974இன் அமெரிக்க ஹெவிவெயிட் துடுப்புப் படகு அணிக்கு இறுதியில் தேர்வான 16 பேரில் 10 பேரை மனநிலைத் தரவை வைத்தே அவர் சரியாகக் கணித்தார். படகையே பார்க்காமல் பத்துப் பேர்! கேட்டவர்கள் அசந்துபோனார்கள். நான் அசந்தது மீதி ஆறு பேரை நினைத்து. தேர்வுக்குழு அந்தக் காகிதத்தை மட்டும் நம்பியிருந்தால், துடுப்புப் போட்டு இடம் பிடித்த அந்த ஆறு பேரும் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள். இதில் மார்கனே தெளிவாக இருந்தார். ஆள் எடுப்பதற்கு இந்த மதிப்பெண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று சொன்னவர் அவர்.

1995இல் ரௌலியும் சக ஆய்வாளர்களும் அதுவரை வந்த பனிப்பாறை ஆய்வுகளையெல்லாம் சேர்த்து ஒரு தொகுப்பாய்வு செய்தார்கள். ஜெயித்தவர்களுக்கும் அவ்வளவாக ஜெயிக்காதவர்களுக்கும் நடுவில் உள்ள வேறுபாட்டில் இந்த மனநிலை மதிப்பெண்களால் விளக்க முடிந்தது ஒரு சதவீதத்துக்கும் கீழே. கணக்கு முடிந்தது. பனிப்பாறையைக் காட்டி யார் சாம்பியன் என்று சொல்ல முடியாது.

நமத்துப்போதல்

அப்படின்னா மார்கன் தோற்றுவிட்டாரா? இல்லை. அவருடைய பெரிய பங்களிப்பு வேறொரு ஆய்வில் இருக்கிறது.

விஸ்கான்சினின் நீச்சல் வீரர்களை, ஆணும் பெண்ணுமாகச் சுமார் 400 பேரை, அவரும் குழுவினரும் பத்து வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். 1987இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சீசன் தொடக்கத்தில் ஏறக்குறைய எல்லோரும் பனிப்பாறைதான். பயிற்சித் தூரம் கூடக் கூடக் களைப்பும் கோபமும் சோர்வும் படிப்படியாக ஏறின, சுறுசுறுப்பு தேய்ந்தது. பெரிய போட்டிக்கு முன்பு தூரத்தைக் குறைத்ததும் வரைபடம் மெல்லப் பழைய வடிவத்துக்குத் திரும்பியது. மருந்தின் அளவு கூடினால் விளைவும் கூடுவது போன்ற சீரான உறவு.

சிலருக்கு மட்டும் அது திரும்பவில்லை. ஓய்வு கொடுத்தும் அசதி போகவில்லை, நேரம் குறையவில்லை, தூக்கம் கெட்டது. பழைய ரொட்டிக்குச் சொல்லும் வார்த்தையையே ஆங்கிலத்தில் இந்த நிலைக்கும் வைத்திருக்கிறார்கள். தமிழில் இதற்கு நம் அடுப்படியிலேயே பொருத்தமான சொல் இருக்கிறது: நமத்துப்போதல். முறுக்கு உடையவில்லை, கெடவும் இல்லை, பார்வைக்கு அப்படியேதான் இருக்கிறது. கடித்தால்தான் தெரியும்.

ஒரே கருவி. ஆளுக்கும் ஆளுக்கும் ஒப்பிட்டபோது ஒரு சதவீதம்கூடத் தேறவில்லை. ஒரே ஆளின் நேற்றையும் இன்றையும் ஒப்பிட்டபோது எவ்வளவோ சொன்னது. சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவர்களுக்கு இது உடனே புரியும். ஒரு மெஷினில் சிபியூ எழுபது சதவீதம் ஓடினால் அது நல்லதா கெட்டதா? தனியாகப் பதில் சொல்ல முடியாது. அந்த மெஷின் வழக்கமாக அறுபத்தைந்தில் ஓடுவதா, இருபதில் ஓடுவதா என்று தெரிய வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அதன் இயல்புநிலை வேறு. மனுஷனுக்கும் அப்படித்தான்.

இதற்குள் இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு கேள்வித்தாள் வாசலில் நின்று ஆளை உள்ளே விடுவதா வேண்டாமா என்று பார்க்கும் காவலாளி. நீச்சல் குளத்தில் அது தெர்மாமீட்டர். காய்ச்சல் தெரிந்தால் சுமையைக் குறைக்கலாம், அந்த ஆளுக்கே நன்மை. கேள்வியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. பதில் போய்ச் சேரும் இடமும் அதனால் நடக்கும் காரியமும்தான் மாறின.

கேட்டாலே போதும், ஆனால்

இதற்குப் பிறகு கருவிகள் வேகமாகப் பெருகின. 1995இல் ஆஸ்திரேலியாவின் ஹூப்பரும் மெக்கினனும் நீச்சல் வீரர்களிடம் தூக்கம், களைப்பு, அழுத்தம், தசைவலி என்று நான்கே விஷயம் கேட்டார்கள். இன்றைய ஆப்களின் பாட்டன் இதுதான். ஜெர்மன் மொழி உலகில் கெல்மனும் காலுஸும் 2001இல் 76 கேள்விகள் கொண்ட ஒன்றை வெளியிட்டார்கள். அழுத்தத்தோடு மீட்சியையும் சேர்த்துக் கேட்டதுதான் அதன் புதுமை. எவ்வளவு செலவழித்தாய் என்பதோடு எவ்வளவு வரவு வந்தது என்றும் பார்க்கும் கணக்கு.

இன்னொரு பக்கம் ரத்தப் பரிசோதனை, ஹார்மோன் அளவு, இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் என்று உடம்பை அளக்கும் தொழில்நுட்பமும் வளர்ந்தது. ‘வாயால் சொல்வது பொய்யாக இருக்கலாம், ரத்தம் பொய் சொல்லாது’ என்பது பொறியாளர்களுக்கு இனிக்கும் வாதம். 2016இல் ஆனா சா, லுவானா மெயின், பால் காஸ்டின் மூவரும் 56 ஆய்வுகளை ஒப்பிட்டு ஒரு முடிவு வெளியிட்டார்கள். பயிற்சிச் சுமை வீரரைப் பாதிப்பதை ரத்தத்தையும் துடிப்பையும்விட, வீரர் தன் வாயால் சொல்வதுதான் கூர்மையாகவும் சீராகவும் காட்டியிருந்தது. ‘எப்படி இருக்கே?’ என்ற கேள்வி லேபை ஜெயித்துவிட்டது.

ஆனால் அதே குழு இன்னொரு ஆய்வில் வீரர்கள், கோச்சுகள், ஊழியர்களிடம் பேசியபோது வேறொரு பக்கமும் தெரிந்தது. இந்த முறை வேலை செய்வதும் செய்யாமல் போவதும் சூழலைப் பொறுத்தது. பதிலை யார் பார்ப்பார்கள், பார்த்துவிட்டு என்ன செய்வார்கள் என்பதில் நம்பிக்கை இல்லாவிட்டால் நேர்மையான பதிலை எதிர்பார்க்க முடியாது.

ஐடி ஆபீஸில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை ‘உங்கள் பெயர் வெளியே வராது’ என்று ஒரு சர்வே வரும். கடைசிப் பக்கத்தில் எந்த டீம், எத்தனை வருட அனுபவம், ஆணா பெண்ணா என்று கேட்டிருக்கும். எட்டு வருட அனுபவம் உள்ள ஒரே பெண் அந்த டீமில் நீங்கள்தான் என்றால் அப்புறம் என்ன ரகசியம்? எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு நாலு போட்டுவிட்டு லஞ்சுக்குப் போய்விடுவீர்கள். அறிக்கையில் ஊழியர்கள் மகிழ்ச்சியாக இருப்பார்கள்.

வீரரின் நிலைமை இதைவிட மோசம். சனிக்கிழமை மேட்ச், வியாழக்கிழமை காலை ஆப் கேட்கிறது. தூக்கம் இரண்டு என்று உண்மையைப் போட்டால் திரையில் சிவப்பு விழும். சிவப்பு விழுந்தால் பெஞ்சு. ஒப்பந்தம் முடிய ஆறு மாதம்தான் பாக்கி. அவர் நாலு போடுவார். பொய் சொல்வது அவர் குணம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், அந்த அமைப்பு அவரிடம் கேட்டு வாங்கிய பொய் அது. 1975இல் பிரிட்டிஷ் பொருளாதார நிபுணர் சார்லஸ் குட்ஹார்ட் பணக்கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று அவர் பெயரிலேயே விதியாக உலவுகிறது: ஓர் அளவையை வைத்து ஆட்களைக் கட்டுப்படுத்தத் தொடங்கினால் அந்த அளவை நம்பத்தக்கதாக இருக்காது. காலை ஆப்பில் அது தினமும் நடக்கக்கூடும்.

மனநிலை வேறு, நல்வாழ்வு வேறு

இன்னொரு சிக்கலும் உண்டு. இதுவரை அளந்ததெல்லாம் மனநிலையும் களைப்பும். ‘நன்றாக இருக்கிறான்’ என்றால் அவ்வளவுதானா?

1989இல் கரோல் ரிஃப் என்ற உளவியலாளர் நல்வாழ்வை ஆறாகப் பிரித்தார்: தன்னை ஏற்றுக்கொள்ளுதல், நல்ல உறவுகள், சுயமாக முடிவெடுத்தல், சூழலைக் கையாளுதல், வாழ்க்கைக்கு ஒரு நோக்கம், வளர்ந்துகொண்டிருக்கிறோம் என்ற உணர்வு. இதை ஒரு ஒலிம்பிக் வீரருக்குப் பொருத்திப் பாருங்கள். என்ன சாப்பிட வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்பதை இன்னொருவர் முடிவு செய்கிறார். ஊக்கமருந்துச் சோதனைப் பட்டியலில் இருந்தால் தினமும் ஒரு மணி நேரம் எங்கே இருப்பேன் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். சுயமாக முடிவெடுப்பது எங்கே மிஞ்சுகிறது? நோக்கம் இருக்கிறது, பிரமாதமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு தேதி குறித்திருக்கிறார்கள், அந்தத் தேதி கடந்தும் போய்விடும்.

2008இல் பெய்ஜிங்கில் 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தை வென்ற அபினவ் பிந்த்ரா, அதற்குப் பின் வந்த வெறுமையையும் மனச்சோர்வையும் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். 23 ஒலிம்பிக் தங்கம் வென்ற மைக்கேல் ஃபெல்ப்ஸ், வாழவே விருப்பமில்லாமல் கிடந்த நாட்களைப் பற்றிப் பேசியிருக்கிறார். தூக்கம், தசைவலி பற்றிய நான்கு கேள்வியில் இது சிக்குமா? 2011இல் கரோலினா லுண்ட்க்விஸ்ட் விளையாட்டில் நல்வாழ்வு பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பலவற்றில் நல்வாழ்வு என்றால் என்ன என்ற வரையறையே தெளிவாக இல்லை என்று கண்டார். அளவுகோல் தயார், எதை அளக்கிறோம் என்பது மட்டும் பாக்கி.

பதினேழு

2019இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி உயர்மட்ட வீரர்களின் மனநலம் குறித்து ஒரு ஒருமித்த அறிக்கை வெளியிட்டது. அடுத்த வருடமே அதையொட்டி ஒரு மதிப்பீட்டு முறை வந்தது. அதன் முதல் படி பத்துக் கேள்விகள். ஆஸ்திரேலியாவின் சைமன் ரைஸ் குழு உருவாக்கியது. கடந்த நான்கு வாரத்தில் சக வீரர்களோடு இருப்பது கஷ்டமாக இருந்ததா, ஓய்வுக்குப் பிறகான வாழ்க்கையை நினைத்துக் கவலைப்பட்டாயா என்பது போன்றவை. ஒவ்வொன்றுக்கும் ஒன்று முதல் ஐந்து. மொத்தம் பத்துக்கும் ஐம்பதுக்கும் நடுவில் வரும். பதினேழைத் தொட்டால் அடுத்த படி: பதற்றம், மனச்சோர்வு, தூக்கம், மது, போதை, உணவுப் பழக்கம் என்று தனித்தனிக் கேள்வித்தாள்கள். தேவைப்பட்டால் நேரடி மருத்துவ மதிப்பீடு.

அந்தப் பத்தில் ஒரு கேள்வி அணித் தேர்வின் அழுத்தத்தைச் சமாளிக்க முடிகிறதா என்பது. இதே கேள்வியைத் தேர்வுக்குழுவின் மேஜைக்கு அனுப்பினால் என்ன பதில் வரும் என்று யோசித்துப் பாருங்கள். இந்தக் கருவியைச் செய்தவர்கள் யோசித்திருக்கிறார்கள். விளையாட்டு மருத்துவர்களும் உரிமம் பெற்ற மருத்துவப் பணியாளர்களும் கையாள்வதற்காகவே இதை வடிவமைத்திருக்கிறார்கள். கிரிஃபித்தின் அறிக்கை முதலாளியிடம் போனது. ஓகில்வியின் மதிப்பெண் கோச்சிடம் போனது. காகிதம் மருத்துவரிடம் வந்து சேர இத்தனை காலம்.

2021 மே மாதக் கடைசியில் நவோமி ஒசாகா ஃபிரெஞ்ச் ஓப்பனிலிருந்து விலகினார். பத்திரிகையாளர் சந்திப்பு தன் மனநலத்தைப் பாதிக்கிறது என்று அவர் சொல்லியிருந்தார். சந்திப்புக்குப் போகாததற்குக் கிடைத்தது 15,000 டாலர் அபராதம். இரண்டு மாதம் கழித்து டோக்கியோவில் சிமோன் பைல்ஸ், இரண்டரைச் சுற்று போட வேண்டிய வால்ட்டில் ஒன்றரைச் சுற்றோடு இறங்கி, அணி இறுதிப்போட்டியிலிருந்து விலகினார். காற்றில் உடம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் போகும் நிலை. தலைகுப்புற விழுந்தால் கழுத்து. ஒருத்தர் உடனே பதிலைச் சொன்னார், சொன்னதற்குத் தண்டம் கட்டினார். இன்னொருத்தர் கோடிக்கணக்கான பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது சொன்னார், பாராட்டோடு வசவும் வாங்கினார். காலை ஆப்பில் நாலு போடும் 22 வயது வீரர் இந்த இரண்டையும் டிவியில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருப்பார்.

அதனால், எந்தக் கேள்வித்தாள் சிறந்தது, 65 சொல்லா, 76 கேள்வியா, பத்தா, நாலா என்ற விவாதம் எனக்கு இரண்டாம்பட்சமாகவே தோன்றுகிறது. கேட்டால் சொல்வார்கள், சொன்னால் அது லேபைவிடத் துல்லியம் என்று தரவே சொல்கிறது. பதில் எங்கே போகும், யார் பார்க்க முடியாது, குறைந்த மதிப்பெண் போட்டால் என்ன நடக்கும் என்பதைக் கேட்பதற்கு முன்பே அந்த வீரரிடம் சொல்லி, சொன்னபடி நடப்பதுதான் கஷ்டமான பகுதி. அதற்கு ஆப் கிடையாது.

2024இல் பாரிஸில் பைல்ஸ் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வென்றார். அணி இறுதிப்போட்டி நாளன்று காலையில் தன் தெரபிஸ்ட்டிடம் பேசிவிட்டுத்தான் வந்ததாகச் சொன்னார். என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இரண்டு பேரோடு இருக்கிறது.